சீசன் இல்லாத திமிங்கிலம்

சீசன் இல்லாத நேரத்தில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். தென்காசியில் ஒரு கல்யாணம், மார்ச் மாதம். 'இவ்வளவு தூரம் வந்துட்டு அருவியைப் பார்க்காம போறதா' என்று கிளம்பிவிட்டேன். மெயின் அருவி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பாறை நின்றிருந்தது. அதில் சளி பிடித்த குழந்தையின் மூக்கு மாதிரி ஒரு கோடு ஈரம். துண்டும் எண்ணெயுமாக நின்ற என்னைப் பார்த்து டீக்கடைக்காரர் சொன்னார்: "ஜூன்ல வாங்க சார்."

அதற்குப் பிறகு எங்கே போவதானாலும் சீசன் பார்த்துத்தான் போவது என்று ஒரு வைராக்கியம். பதினைந்து வருஷம் காப்பாற்றினேன். 2024 செப்டம்பரில் அதை உடைக்க வேண்டி வந்தது. உடைத்தது ஒரு திமிங்கிலம்.

கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஹார்பரில் வேலை. டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற உத்தியோகம். முப்பத்து நாலு வருஷம் கப்பல்களைப் பார்த்தவர், ஒரு நாள்கூட கப்பலேறிக் கடலுக்குள் போனதில்லை. ஸ்வீட் ஸ்டால் மாஸ்டருக்கு ஜாங்கிரி பிடிக்காமல் போவது மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். அது தப்பு. பின்னால் சொல்கிறேன்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1986-ல், மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடித்தேன். பழைய சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஜூவுக்குப் பெயர் உயிர்க் காலேஜ், எழும்பூர் மியூசியத்துக்குப் பெயர் செத்த காலேஜ். உயிர்க் காலேஜ் அதற்கு முந்தின வருஷம்தான் வண்டலூருக்குக் குடிபோயிருந்தது. குடும்பத்தோடு வண்டலூர் போய் வர பஸ் சார்ஜ் கட்டுப்படியாகாது. அப்பா சமாதானமாக என்னைச் செத்த காலேஜுக்குக் கூட்டிப் போனார்.

அங்கேதான் அந்தத் திமிங்கில எலும்புக்கூடு. தலையிலிருந்து வால் வரை நடந்தே பார்த்தேன். இரண்டு தடவை. பிறகு கேட்டேனாம்: "இது உயிரோட எங்கப்பா இருக்கும்?"

"கடல்ல இருக்கும். ஒருநாள் கூட்டிட்டுப் போறேன்."

அப்பாக்கள் சொல்லும் 'ஒருநாள்' எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கும் தெரியும். அது காலண்டரில் இருக்காது. சைக்கிள் வந்தது, பி.காம். வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது. திமிங்கிலம் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

2024 ஜூலையில் ஒரு நாள், அப்பா பால் வாங்கப் போய் வீட்டுக்கு வர வழி தெரியாமல் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருந்தார். வயசு எழுபத்தேழு. ஸ்கேன், டெஸ்ட், கேள்வி பதில் எல்லாம் முடிந்து டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "மறதி நோயோட ஆரம்பம். இப்ப நல்லாவே இருக்கார். இதே மாதிரி எவ்வளவு நாள் இருப்பார்னு யாராலும் சொல்ல முடியாது. அவரோட என்னவெல்லாம் செய்யணும்னு நினைக்கிறீங்களோ, தள்ளிப்போடாம செஞ்சிடுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அப்பா திடீரென்று, "உன்னை ஒரு நாள் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன் இல்ல?" என்றார். முப்பத்தெட்டு வருஷத்துப் பழைய பாக்கி. காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. இது ஞாபகம் இருக்கிறது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

நீங்களும் ஒருநாள் தேடலாம் என்பதால், தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். திமிங்கிலம் பார்க்க ஐஸ்லாந்து, நியூஸிலாந்து என்று போக வேண்டியதில்லை. நமக்கு ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இலங்கை இருக்கிறது. அந்தத் தீவைச் சுற்றி சில இடங்களில் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடுகிறது. ஆழ்கடலில் வாழும் நீலத் திமிங்கிலம் கிட்டத்தட்ட கரையோரத்துக்கே வந்து போகும். உலகத்தில் இதுவரை வாழ்ந்த பிராணிகளிலேயே பெரியது. டைனோசர் உள்பட.

நீலத் திமிங்கிலம் என்றால் குளிர்க்கடலில் சாப்பாடு, வெப்பக்கடலில் பிரசவம் என்று வருஷா வருஷம் பல்லாயிரம் கிலோமீட்டர் போய் வருவது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். இலங்கைக்காரர் ஆஷா டி வோஸ், 2003-ல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் போனபோது, திமிங்கிலங்களுக்கு நடுவே கடலில் சிவப்பாக ஏதோ மிதப்பதைப் பார்த்தார். திமிங்கில ஆய்! எங்கே ஆய் இருக்கிறதோ அங்கே சாப்பாடும் இருக்கிறது என்று அர்த்தம். குழந்தை வளர்த்த எந்த அம்மாவும் சொல்லிவிடுவார், ஆனால் விஞ்ஞானத்துக்கு அது பெரிய செய்தி. இந்தத் திமிங்கிலங்கள் துருவத்துக்கெல்லாம் போவதில்லை, வருஷம் பூராவும் இந்த வெப்பக்கடலிலேயே சுற்றிக்கொண்டிருப்பவை என்பது பிறகு தெளிவானது.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு பொறி தட்டியது. திமிங்கிலம் வருஷம் பூராவும் இருக்கிறது என்றால், சீசன் என்பது யாருடைய சீசன்? திமிங்கிலத்துடையதா, படகுடையதா?

இந்தக் கேள்விதான் விஷயமே. ஒரு இடத்துக்கு 'இப்ப சீசன் இல்லை' என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, பார்க்க வேண்டியது அங்கே இல்லை. இரண்டு, அது அங்கே இருக்கிறது, நாம்தான் போக முடியாது. குற்றாலம் முதல் வகை. இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ என்ற ஊர் இரண்டாவது வகை. அங்கே நவம்பர், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஜேஜே என்று கூட்டம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் கடல் பொங்கும், படகு போகாது.

ஆனால் அதே தீவின் கிழக்கே திருகோணமலையில் கதை தலைகீழ். தெற்கே கொந்தளிக்கும்போது அங்கே கடல் அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் ஆரம்பித்தால்தான் அங்கே கஷ்டம். திமிங்கிலத்துக்கு நல்ல மாதங்கள் மார்ச், ஏப்ரல். ஆகஸ்ட் வரை பார்க்கலாம். செப்டம்பர் கடைசி என்றால்? கடல் அநேகமாக விடும். திமிங்கிலம் விடுமா என்பது அதன் இஷ்டம்.

என் மகளுக்குக் காலாண்டு லீவு செப்டம்பர் 28-ல் ஆரம்பம். எனக்கு அலுவலகத்தில் அப்போதுதான் லீவு. கணக்கு அங்கே வந்து நின்றது.

கோயமுத்தூரிலிருக்கும் அக்காவுக்கு போன் செய்தேன். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு திருமலை போறேன்." திருகோணமலையை அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று படித்ததை உடனே பிரயோகித்துவிட்டேன்.

"ரொம்ப நல்லது. எனக்கும் ரெண்டு லட்டு எடுத்துட்டு வா."

விளக்கினேன். ஐந்து நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு வெடித்தாள். "உனக்கென்ன பைத்தியமா? பால் வாங்கப் போனவருக்கு வீடு தெரியலை. அவரை வேற தேசத்துக்குக் கூட்டிட்டுப் போய் நடுக்கடல்ல உட்கார வைப்பியா? அதுவும் சீசன் இல்லாதப்ப? போறதுன்னா மார்ச்ல போ. நானும் வரேன். நிச்சயமா பார்த்துட்டாவது வரலாம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் பிரச்னை. மார்ச்சில் திமிங்கிலம் கிட்டத்தட்ட நிச்சயம். அப்பா நிச்சயமில்லை. செப்டம்பரில் அப்பா நிச்சயம். திமிங்கிலம் நிச்சயமில்லை.

பி.காம். முதல் வருஷத்தில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதும்போது, அந்தக் கம்பெனி நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும் என்று அனுமானித்துக்கொண்டுதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கணக்கும் எழுத முடியாது. நாம் அப்பா அம்மாவுக்கும் அந்த அனுமானத்தில்தான் கணக்கு எழுதுகிறோம். 'அடுத்த லீவுல பார்த்துக்கலாம்', 'வீட்டுக் கடன் முடியட்டும்', 'பொண்ணு பத்தாவது முடிக்கட்டும்'. அம்மாவுக்கு அப்படி எழுதிய கணக்கு, 2020-ல் ஒரே வாரத்தில் குளோஸ் ஆகிவிட்டது. காசி போகணும் என்று கேட்டிருந்தாள்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "பி.பி. மாத்திரையை ஹேண்ட் பேக்ல வை. லக்கேஜ்ல போடாதே" என்றாள்.

சரி, திட்டம். சீசன் இல்லாத பயணத்துக்குத் திட்டம் போடுவதும் ஆடித் தள்ளுபடியில் துணி எடுப்பதும் ஒன்று. விலை குறைவு என்று சந்தோஷப்படலாம். எங்கே கிழிசல் என்று திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கிழிசல் முதலில் படகில் இருந்தது. ஓட்டல் ரூம் வாடகை நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் படகு? சீசனில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு படகை எடுக்கும், செலவு பிரிந்துவிடும். சீசன் இல்லாதபோது சேர ஆளில்லை. டீசலுக்கு அது தெரியுமா? நாலு பேர் போனாலும் பத்து பேர் போனாலும் அதே டீசல். முழுப் படகையும் நாமே எடுக்க வேண்டும். ரூமில் மிச்சம் பிடித்தது படகில் போய்விட்டது. காலேஜில் 'ஃபிக்ஸட் காஸ்ட்' என்று மனப்பாடம் செய்தது அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பது. சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்ட், "கேரண்டி சார், கண்டிப்பா பார்ப்பீங்க" என்றார். திமிங்கிலத்துக்கு கேரண்டி கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நான் திருகோணமலையில் படகு ஓட்டும் ஒரு தம்பியின் நம்பரைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். முப்பத்தைந்து வயசுக்காரர். நீலத் திமிங்கிலம் பார்க்கணும், செப்டம்பர் கடைசியில் என்றேன்.

"சீசன் முடிஞ்சிடும் அண்ணே. மூண்டு தரம் போனா ஒருக்கா காணலாம். காணாமலும் வரலாம். நான் பொய் சொல்ல ஏலாது."

அந்த 'ஏலாது'வில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உடனே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒரு காலை மட்டும் போனால் ஏமாற 67 சதவீதம். மூன்று காலை போனால், மூன்று நாளும் ஏமாறுவதற்கு 27-ல் 8 பங்கு, ஏறக்குறைய 30 சதவீதம். ஆக, பார்க்க 70 சதவீதம்! பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் அறுபது மார்க் வாங்கியவன் என்ற கர்வத்தோடு இதை அவரிடம் சொன்னேன்.

"ஓம் அண்ணே. ஆனா திமிங்கிலத்துக்கு அந்தக் கணக்கு தெரியாதே" என்றார்.

இருந்தாலும் மூன்று காலைகளை ஒதுக்கினேன். நீங்களும் ஒதுக்குங்கள். ஒரே காலைக்காகப் போனால், அன்று காற்று அடித்தால் கதை முடிந்தது.

மூன்றாவது, திமிங்கிலம் வராவிட்டாலும் பயணம் நிற்க வேண்டும். அதற்குத் திருகோணமலை வசதி. பாறை உச்சியில் கோணேஸ்வரம், சம்பந்தர் பதிகம் பாடிய தலம். ஏழு கிணற்றில் வெந்நீர் ஊறும் கன்னியா. பவளப்பாறைகளுக்குப் பேர்போன புறாத்தீவு. கோணேசர் கோயில் பாறையிலிருந்தே திமிங்கிலம் தெரிந்த நாட்கள் உண்டு என்பதால், அப்பா படகேற மறுத்தால் அதுதான் மாற்று ஏற்பாடு. லாபத்தை எதிர்பார்க்காதே, நஷ்டத்துக்கெல்லாம் ஒதுக்கீடு வை என்பது கணக்கர்களின் வேதம். இந்தப் பயணத்துக்காகவே எழுதினது மாதிரி இருந்தது.

மற்றதெல்லாம் சில்லறை. ஆன்லைனில் ஈ.டி.ஏ. என்கிற அனுமதி எடுக்க வேண்டும், அதன் கட்டண விதி மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும்போது பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருந்தார்கள், அப்பாவுக்கு அதில் ஆசை. ஆனால் இறங்கி மறுபடி நெடுந்தூரம் ரோடு என்பதால் டாக்டர் விமானம்தான் என்றுவிட்டார். குமட்டல் மாத்திரையைப் படகேறின பிறகு போட்டால் பிரயோஜனமில்லை, அரை மணி, ஒரு மணி முன்னால் போட வேண்டும். வயசானவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, நெய்ப்பொங்கலும் ஆகாது. ரெண்டு இட்லி.

ஆபீஸ் நண்பர் ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "அம்பர்கிரிஸ் மிதந்தா அள்ளிட்டு வாங்க, கோடிக்கணக்குல போகும்" என்றார். அதை வைத்திருந்தாலே நம் ஊரில் வனவிலங்குச் சட்டத்தில் கம்பி எண்ண வேண்டும் என்றேன். 'பிழைக்கத் தெரியாதவன்' என்று பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்பினோம். கொழும்பிலிருந்து வேனில் ஆறு மணி நேரம். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, வழியெல்லாம் சிரிக்கும் போஸ்டர்கள். அப்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "எங்க போறோம்?" என்று கேட்டார். என் மகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "திமிங்கிலம் பார்க்க, தாத்தா" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் புதுசாக மலர்ந்தது. ஒரே நல்ல செய்தியை முப்பது தடவை முதல்முறையாகக் கேட்கும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

முதல் நாள் காலை ஐந்தரைக்குக் கரையில் நின்றோம். தம்பி கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "கச்சான் கூடுதலா கிடக்கு அண்ணே. ஐயாவை வச்சுக்கொண்டு வேண்டாம்." கச்சான் என்றால் அங்கே தென்மேற்குக் காற்று. வேர்க்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். 'கடலை கூடுதலா இருந்தா என்ன' என்று என் மகள் முழித்தது தனிக் கதை.

அன்று மாலை கோயில் பாறையில் உட்கார்ந்திருந்தோம். தம்பியும் வந்தார். 1980-களின் தொடக்கத்தில் 'டூலிப்' என்ற பாய்மரப் படகில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். திமிங்கிலம் பார்ப்பதற்கு உலக மேப்பில் இந்த ஊர் அப்போதே வந்திருக்க வேண்டியது. 1983 வந்தது. யுத்தம் வந்தது. 2009 வரை முடியவில்லை.

"இருபத்தாறு வருசம்" என்றார் தம்பி. "கடலுக்குப் போகவே பாஸ் எடுக்க வேணும். கன நாள் போகவே விடாயினம். அப்பாவோட கடலுக்குப் போகவேணும் எண்டு எனக்குச் சின்ன வயசில ஆசை. விட்ட நேரத்தில அவர் இல்ல." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "நீங்க சீசன் இல்லாம வந்திருக்கிறீங்கள் எண்டு யோசிக்க வேண்டாம் அண்ணே. நாங்கள் சீசன் இல்லாமலே வளந்தனாங்கள்."

ஜோக் மாதிரிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் நாள் கடல் தட்டில் வைத்த பாயசம் மாதிரி இருந்தது. ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அப்பாவைப் படகின் பின்பக்கம், ஆட்டம் குறைவாக இருக்கும் இடத்தில், லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார வைத்தோம். நான் பயந்ததெல்லாம் வீண். முப்பத்து நாலு வருஷம் கரையிலிருந்து பார்த்த கடலுக்குள் போகிறோம் என்று அவர் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தூரத்தில் போன ஒரு சரக்குக் கப்பலைக் காட்டி, "ஃபுல் லோட். எவ்வளவு முங்கியிருக்கு பாரு" என்றார். ஜாங்கிரி பிடிக்காமல் இல்லை. யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதிரிக் கப்பல்கள்தான் திமிங்கிலங்களுக்கு எமன் என்றார் தம்பி. தெற்கே தெய்வேந்திரமுனைக்கு அப்பால் உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, திமிங்கிலம் மேயும் இடத்துக்குள்ளேயே போகிறது. மோதிச் செத்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. 2022-ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்ட முன்வந்தது. அப்பா இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் சுத்திப் போனா என்ன, டீசல்தானே" என்றார்.

ஒரு மணி நேரத்தில் டால்பின்கள் வந்தன. பத்து இருபது இல்லை, கூட்டமாக. பம்பரம் மாதிரி சுழன்று எகிறி விழுந்தன. என் மகள் போட்ட சத்தம் யாழ்ப்பாணம் வரை கேட்டிருக்கும். பிறகு ஒன்றுமில்லை. தம்பி இன்ஜினை அணைத்தார். நீலத் திமிங்கிலம் உள்ளே போனால் பத்து நிமிஷமோ அதற்கு மேலுமோ கழித்துத்தான் மூச்சு விட மேலே வரும். துரத்தக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

சீசனில் இதே இடத்தில் நிறைய படகு நிற்குமாம். ஒன்று தலை காட்டினால் எல்லாம் சேர்ந்து ஓடுமாம். நூறு மீட்டர் தள்ளி நில் என்ற விதியெல்லாம் அப்போது காற்றில் பறக்குமாம். அன்று எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கடல், வெயில், நாங்கள் நாலு பேர், தம்பி. நாற்பது நிமிஷம். என் மனைவி மெதுவாக, "பார்க்கலைன்னாலும் பரவாயில்லைங்க" என்றாள்.

"அந்தா!"

தம்பி கை நீட்டிய திசையில், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், கடலிலிருந்து ஒரு வெள்ளைத் தூண் எழுந்தது. இரண்டு மாடி உயரம் இருக்கும். நின்று, கரைந்து, மறைந்தது. மறுபடி ஒன்று. அதன் கீழே சாம்பல் நீலத்தில் ஒரு முதுகு. அது வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது கூட்ஸ் வண்டி போவது மாதிரி. கடைசியில் வால் ஒரு தடவை மேலே தூக்கி, தண்ணீர் வழிய நின்று, சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

அவ்வளவுதான். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் இருந்தால் அதிகம். மறுபடி வரவில்லை. மூன்றாம் நாள் போனோம், அன்றும் வரவில்லை. 27-ல் 8 எல்லாம் சும்மா.

கரைக்கு வந்ததும் என் மகள் கேட்டாள்: "தாத்தா, பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. உங்கப்பன் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னானே, அதைப் பார்த்தேன். செத்த காலேஜ்லயும் இப்படித்தான் நின்னான்."

திமிங்கிலத்தைப் பார்த்தாரா, இல்லையா? இதுவரை தெரியாது.

2025 மார்ச்சில் தம்பி வாட்ஸ்அப் அனுப்பினார். "அண்ணே, இந்த முறை நல்ல சீசன். ஒரு கிழமையில பதினொண்டு கண்டனாங்கள். ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." கூடவே ஒரு வீடியோ. படகுக்குப் பக்கத்திலேயே, முழுசாக, கண்ணாடித் தண்ணீருக்குள் நீலத் திமிங்கிலம். நாங்கள் பார்த்ததைவிட நூறு மடங்கு தெளிவு.

அப்பாவிடம் எடுத்துப் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியிலிருந்தே அவர் என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். ரொம்ப மரியாதையாக. ஹார்பர் ஆபீஸிலிருந்து பென்ஷன் விஷயமாக வந்திருக்கும் ஆள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

வீடியோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுக்கப் பார்த்தார். "எழும்பூர் செத்த காலேஜ்ல இருக்குமே, அதுவா சார் இது?"

"ஆமாம்."

"உயிரோடயா இருக்கு?"

"உயிரோடதான் இருக்கு."

இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பார்த்துவிட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டு, ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் பையன் ஒருத்தன் இருக்கான் சார். எட்டு வயசு. இதைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. ஒருநாள் கூட்டிட்டுப் போகணும். எப்ப போனா நல்லா இருக்கும்?"

"உடனே கூட்டிட்டுப் போங்க சார்" என்றேன். "சீசன் எல்லாம் பார்க்காதீங்க."